பதக்கமும் பாலர் சபையும்

குழந்தைகளுக்கென்று எழுதப்படும் இலக்கியத்திற்கு மற்றெந்த இலக்கியத்திற்கும் இல்லாத ஒரு விசித்திரமான நிலைமை உண்டு. அதை எழுதுகிறவர் பெரியவர். அச்சிட்டுப் பிரசுரிக்கிறவர் பெரியவர். கடையில் விலை கொடுத்து வாங்குகிறவரும், நூல்நிலையத்து அலமாரியில் வைக்கத் தகுந்ததா என்று நிர்ணயிக்கிறவரும், பத்திரிகையில் மதிப்புரை எழுதுகிறவரும், வருஷ முடிவில் இதுவே சிறந்தது என்று பரிசளித்துக் கைதட்டுகிறவரும் பெரியவர்களே. யாரை உத்தேசித்து இத்தனை காரியங்களும் நடைபெறுகின்றனவோ அந்தப் பையனும் பெண்ணும் மட்டும், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாமே யன்றிச் சமையலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட விருந்தாளிகளைப்போல நெடுங்காலம் மௌனமாகவே இருந்து வந்தார்கள். இங்கிலாந்தில் இந்த மௌனம் எப்படிக் கலைந்தது என்பதை அறிய வேண்டுமானால், கார்னெகி பதக்கம் என்று பெயர் பெற்ற ஒரு பரிசின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பின்தொடர்ந்து போக வேண்டும்.

அந்தப் பதக்கத்திற்குப் பெயர் தந்த ஆண்ட்ரூ கார்னெகி, ஸ்காட்லாந்தில் டன்ஃபர்ம்லின் என்னும் ஊரில் 1835ஆம் வருஷம் ஒரு கைத்தறி நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். நீராவித் தறிகள் பெருகித் தகப்பனாரின் தொழில் க்ஷீணித்துப் போகவே, 1848இல் குடும்பம் கப்பலேறி அமெரிக்கா சென்று, பிட்ஸ்பர்க் நகரை அடுத்த அலிகெனியில் குடியேறிற்று. பருத்தி ஆலையில் எடுபிடி வேலை செய்து, பிறகு தந்தி ஆபீஸில் செய்தி கொண்டு போகும் பையனாக அமர்ந்த கார்னெகிக்குப் புஸ்தகம் வாங்கப் பணமேது? அவ்வூரில் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் என்ற கர்னல், தமது சொந்தப் புஸ்தகங்கள் சுமார் 400ஐயும் உழைத்துப் பிழைக்கும் சிறுவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் இரவலாகக் கொடுத்து வந்தார். அந்தச் சேகரம் வளர்ந்து ஒரு ஸ்தாபனமானபோது, ஏதேனும் ஒரு கைத்தொழிலில் முறைப்படி பயிற்சிக்குச் சேர்ந்த பையன்களுக்கு மட்டுமே இலவசம், மற்றவர்கள் வருஷத்துக்கு 2 டாலர் கட்ட வேண்டும் என்று விதி பிறந்தது. தந்தி கொண்டு ஓடும் பையன் அந்த விதிப்படி 'மற்றவன்'. அவன் சும்மா இருந்துவிடவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்கு, உழைக்கும் பையன் ஒருவன் என்று கையொப்பமிட்டு, விதியின் அநியாயத்தை எடுத்துக் காட்டிக் கடிதம் எழுதினான். சர்ச்சை மூண்டது, கடைசியில் விதி தளர்ந்தது. பிற்காலத்தில் எஃகுத் தொழிலில் குபேர சம்பத்தைத் திரட்டிய கார்னெகி, 1883இல் தமது ஜன்ம ஸ்தலத்தில் தொடங்கி உலகத்தின் பல பாகங்களிலும் 2,500க்கு மேற்பட்ட பொது நூல்நிலையங்கள் எழுவதற்குப் பொருள் உதவினார் என்பது பிரசித்தமான செய்தி. அந்தத் தர்மத்தைக் காட்டிலும் எனக்கு அந்தக் கடிதத்தின்மீதே அதிகப் பிரியம். ஒரு சிறுவன் நூல்நிலைய விஷயத்தில் தன் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகச் சொல்லி ஜெயித்திருக்கிறான். ஆயினும் அவன் பெயரால் ஏற்பட்ட பரிசில் சிறுவர்களுடைய அபிப்பிராயத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் இடமே இல்லாதிருந்தது.

பரிசை ஏற்படுத்தியது பிரிட்டிஷ் நூல்நிலையச் சங்கம், வருஷம் 1936. நடுவர்கள் நூலகர்கள். குழந்தைகளுக்கென்று தனி அறை, தனிக் கதவு, தாழ்ந்த அலமாரி, அவர்களை அதட்டாத உத்தியோகஸ்தர் என்ற ஏற்பாடுகளெல்லாம் இங்கிலாந்தில் அந்தத் தலைமுறையில்தான் வேரூன்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்காக வாதாடி எழுதியவர்களுள் முக்கியமானவர் பெர்விக் ஸேயர்ஸ் என்ற கிராய்டன் நகர நூலகர். குழந்தைகள் நூல்நிலையத்தைப் பற்றி அவர் 1932இல் ஒரு வழிகாட்டி நூலே இயற்றினார். இந்த ஸேயர்ஸ் நமக்கும் முற்றிலும் அந்நியர் அல்லர். சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் கணிதம் போதித்துக்கொண்டிருந்து, 1924இல் சர்வகலாசாலை நூலகராக நியமனம் பெற்று, தொழில் கற்றுக்கொள்ள லண்டனுக்குக் கப்பலேறிய எஸ். ஆர். ரங்கநாதன் அங்கே பாடம் கேட்டது ஸேயர்ஸிடமே. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் என்று ரங்கநாதன் பின்னாளில் விதி வகுத்தபோது, கிராய்டனில் குழந்தைகள் சுதந்திரமாக அலமாரிகளுக்கிடையே உலாவிய காட்சியும் அவர் மனத்தில் இருந்திருக்கலாம் என்று எண்ணுவது அதிக ஊகமாகாது.

குழந்தை நூலுக்குப் பதக்கம் என்ற எண்ணம் இங்கிலாந்துக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் அமெரிக்கர்கள் தங்கள் பதக்கத்துக்கு வைத்த பெயரோ ஓர் ஆங்கிலேயருடையது. லண்டனில் செயின்ட் பால் ஆலயத்தின் அருகே கடை நடத்திய ஜான் நியூபெரி, 1744இல் குழந்தைகளுக்கென்று ஒரு சிறிய புஸ்தகத்தை அச்சிட்டு, அதனுடன் பையன்களுக்கு ஒரு பந்தும் பெண்களுக்குக் குண்டூசி குத்திவைக்கும் ஒரு சின்ன மெத்தையும் சேர்த்து விற்றவர். வாசகனைச் சந்தோஷப்படுத்தினால்தான் சரக்கு போகும் என்ற வியாபார ரகசியத்தை அவர் அறிந்திருந்தார். ஃப்ரெடெரிக் மெல்ச்சர் என்ற புஸ்தக வர்த்தகப் பிரமுகர் 1921 ஜூன் மாதம் அமெரிக்க நூலகர் மகாநாட்டில் நியூபெரி பெயரால் ஒரு பதக்கம் வழங்கலாம் என்று யோசனை கூற, அடுத்த வருஷமே அது அமுலுக்கு வந்தது. முதல் தடவை 212 வாக்குகளில் 163 வாக்குகள் பெற்று, ஹெண்ட்ரிக் வான் லூன் எழுதிய மனித குல சரித்திரம் வெற்றி பெற்றது. 212 வாக்குகளில் ஒரு குழந்தையின் வாக்குகூட இல்லை. இருக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவுமில்லை.

கார்னெகி பதக்கத்தை முதலில் பெற்றவர் ஆர்தர் ரான்ஸம். ருஷ்யப் புரட்சியை நேரில் கண்டு பத்திரிகைகளுக்கு எழுதி, ட்ராட்ஸ்கியின் காரியதரிசினியாக இருந்த பெண்மணியையே மணந்துகொண்ட அந்த மனிதர், பிறகு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் அமைதியாக வாழ்ந்து, படகோட்டித் திரியும் சிறுவர்களைப் பற்றிக் கதைகள் எழுதினார். பதக்கம் பெற்ற 'பிஜன் போஸ்ட்', மலைகளில் தங்கம் தேடிப் புறப்பட்டுப் புறாக்களின் மூலம் செய்தி அனுப்பும் குழந்தைகளின் கதை. ரான்ஸமின் வாசகர்கள் வாய்மூடி வாசித்துவிட்டுப் போகிறவர்களாக இல்லை என்பதற்கு ஓர் அழகான சாட்சியம் உண்டு. காதரீன் ஹல், பமீலா விட்லாக் என்ற இரண்டு பள்ளி மாணவிகள், அவருடைய கதைகளில் மோகங்கொண்டு, அதே ரீதியில் தாங்களே ஒரு முழு நாவலை எழுதி அவருக்கே அனுப்பிவைத்தார்கள். அவர் அதைக் கையிலெடுத்துக்கொண்டு போய்த் தம் பிரசுரகர்த்தரான ஜோனதன் கேப்பிடம் சேர்ப்பிக்க, 'தி ஃபார்-டிஸ்டன்ட் ஆக்ஸஸ்' என்ற பெயரில் 1937இல் அது வெளிவந்தது. குதிரைக் குட்டிகளும் புல்வெளியும் நிறைந்த கதை. ஒரு நூலைப் பற்றி வாசகன் சொல்லத்தக்க அபிப்பிராயங்களுள் இதைக் காட்டிலும் பூரணமான ஒன்று இருக்க முடியாது.

அதே 1937ஆம் வருஷத்துப் பதக்கத்தைப் பற்றி ஒரு சுவையான விஷயம் சொல்லத் தகும். பரிசு பெற்றது ஈவ் கார்னெட் எழுதிய 'தி ஃபேமிலி ஃப்ரம் ஒன் எண்ட் ஸ்ட்ரீட்'. குப்பை வாரும் தொழிலாளியும் சலவை செய்யும் மனைவியும் அவர்களுடைய ஏழு குழந்தைகளும் என்ற குடும்பத்தைக் கதாபாத்திரங்களாக வைத்ததனால், குழந்தைகள் படிக்கத் தகாதது என்று சில பிரசுராலயங்கள் திருப்பியனுப்பிய நூல் அது. அதைத் தேர்ந்தெடுத்த நூலகர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அந்த வருஷமே வெளிவந்து பதக்கம் பெறாமல் போன மற்றொரு நூல் டோல்கீனின் 'ஹாபிட்'. அந்நூல் அச்சேறியதற்கே ஒரு சிறுவனின் தீர்ப்புக் காரணம். ஸ்டான்லி அன்வின் என்ற பிரசுரகர்த்தர், குழந்தைகளுக்கான நூல்களைக் குழந்தைகளே பரிசீலிப்பது நலம் என்று கருதி, கைப்பிரதியைத் தம் மகன் ரேய்னரிடம் 1936இல் கொடுத்தார். பத்து வயதுப் பையன் படித்துச் சிறு குறிப்பொன்று எழுதித் தந்து, அதற்குக் கூலியாக ஒரு ஷில்லிங் பெற்றுக்கொண்டான். ஐந்து முதல் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது பிடிக்கும் என்பது அவன் அபிப்பிராயம். அதாவது தன்னைப் போன்ற பெரியவர்களுக்கு அல்லவாம்! பத்து வயதின் கம்பீரத்தை இதைவிட நன்றாக யாரால் சித்திரிக்க முடியும்?

நூலகர்களின் கண்டிப்புக்குக் குறைவேயில்லை. 1943, 1945, 1966 ஆகிய வருஷங்களில் தகுதியான நூல் எதுவுமில்லை என்று பதக்கத்தையே நிறுத்தி வைத்தார்கள். வால்டர் டி லா மேர், எலீனர் ஃபார்ஜன், சி. எஸ். லூயிஸ் முதலியோருக்கும், 1958இல் 'டாம்ஸ் மிட்நைட் கார்டன்' எழுதிய பிலிப்பா பியர்ஸுக்கும் அவர்கள் அளித்த கௌரவம் காலத்தால் மெய்ப்பிக்கப்பட்டது. மறுபக்கத்தில், நூற்றுக்கணக்கான நூல்களை எழுதிக் குவித்து, குழந்தைகள் போட்டியிட்டுக்கொண்டு வாசித்த எனிட் பிளைட்டனுக்கு அந்தப் பதக்கம் ஒருநாளும் கிடைக்கவில்லை. 1950களில் அவருடைய புஸ்தகங்களை வாங்குவதில்லை என்று ஒதுக்கிவைத்த நூல்நிலையங்களும் இருந்தன. ஒரே மாதிரியான சம்பவங்கள், குறுகிய சொற்பிரயோகம் என்று அவர்கள் கூறிய குற்றங்களில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சிறுவர்களைக் கேட்டு அவர்கள் ஏன் அதை விரும்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமலே, விரும்புவது பிசகு என்று தீர்ப்பளித்தது மருந்தின் குணத்தை மட்டும் ஆராய்ந்து நோயாளியின் நாடியைப் பிடிக்காத வைத்தியமாகவே எனக்குப் படுகிறது.

நாடியைப் பிடித்துப் பார்க்கும் முயற்சி அமெரிக்காவிலேயே முன்னதாகத் தொடங்கிற்று. ஸியாட்டில் நகரத்துப் புஸ்தக வியாபாரி ஒருவரின் யோசனையின்பேரில், பசிபிக் வடமேற்குப் பிரதேசத்து நூலகர்கள் 1940இல் குழந்தைகளின் வாக்குகளாலேயே தேர்ந்தெடுக்கும் பரிசு ஒன்றை ஆரம்பித்தார்கள்; 1952இல் கன்ஸாஸ் மாகாணமும் அவ்வாறே செய்தது. இங்கிலாந்தில் அதற்கு மேலும் ஒரு தலைமுறை பிடித்தது. அங்கே 1968இல் ஆன் வுட் என்ற பெண்மணி, ஊருக்கு ஊர் பெற்றோர்கள் சேர்ந்து நடத்திய குழந்தைப் புஸ்தகக் குழுக்களை ஒரு சம்மேளனமாகத் திரட்டினார். பிற்காலத்தில் 'டெலிடபீஸ்' என்ற தொலைக்காட்சிப் பொம்மைகளைப் படைத்துக் கைக்குழந்தைகளையெல்லாம் மயக்கியவரும் இவரே. அந்தச் சம்மேளனம் 1980இல் நிறுவிய பரிசுக்கு, நாடெங்கும் வீடுகளிலும் பள்ளிகளிலும் புதிய நூல்களைக் குழந்தைகளே வாசித்துப் பரீட்சித்து வாக்களித்தார்கள். கார்னெகி பதக்கத்தைக் கடைசிவரை பெறாமலே காலமான ரோல்ட் டாலுக்கு, 1988இல் 'மட்டில்டா' என்ற நூலுக்காகக் குழந்தைகள் இந்தப் பரிசை அளித்தார்கள். இதனால் நூலகர்கள் சிடுமூஞ்சிகள் என்று எண்ணிவிடக் கூடாது. 'மட்டில்டா'வில் வரும் ஒரே நல்ல ஸ்தாபனம் பொது நூல்நிலையம்தான்.

சில வருஷங்கள் கழித்து, மிட்டாய்க் கம்பெனி ஒன்றின் ஆதரவில் 1985 முதல் வழங்கப்பட்டு வந்த ஸ்மார்ட்டீஸ் பரிசும் தன் முறையை மாற்றிக்கொண்டது. பெரியவர்கள் சில நூல்களைப் பொறுக்கியெடுத்துக் கொடுப்பார்கள். அவற்றுள் எதற்குத் தங்கம், எதற்கு வெள்ளி, எதற்கு வெண்கலம் என்று பள்ளிக் குழந்தைகள் முடிவு செய்வார்கள். இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்த சிறிது காலத்திற்குள், 1997இல், பெயர் அறியப்படாத ஓர் ஆசிரியையின் முதல் நாவலுக்கு, ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிரிவில் தங்கப் பரிசு கிடைத்தது. ஜே. கே. ரௌலிங்கின் 'ஹாரி பாட்டர்' வரிசையில் முதலாவது அது. அதுவும் பல பிரசுரகர்த்தர்கள் நிராகரித்த நூல். ப்ளூம்ஸ்பரி நிறுவனத் தலைவரின் எட்டு வயது மகள் முதல் பகுதியை வாசித்துவிட்டு மிச்சத்தைக் கொண்டு வா என்று நச்சரித்ததனால் அச்சேறிற்று என்பர். அவ்வருஷத்துக் கார்னெகி தேர்வுப் பட்டியலிலும் அது இருந்தது. பதக்கம் பெற்றதோ டிம் பௌலர் எழுதிய 'ரிவர் பாய்', மரணத்தை நெருங்கும் பாட்டனாரையும் ஆற்றையும் பற்றிய மெல்லிய, சோகமான கதை. அறுபது வருஷ இடைவெளியில் ஹாபிட்டுக்கு நேர்ந்ததே ஹாரி பாட்டருக்கும் நேர்ந்தது. இதை வைத்துக்கொண்டு நூலகர்களைப் பரிகசிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன். 'ரிவர் பாய்' நல்ல நாவல். ஹாரி பாட்டருக்குப் பதக்கத்தின் உதவி தேவையாகவும் இருக்கவில்லை. சிறுவர்கள் ஒன்றைச் சொல்ல, பெரியவர்கள் மற்றொன்றைச் சொல்ல, இரண்டும் ஒன்றையொன்று காதில் வாங்காமலே போனதுதான் குறை.

அந்தக் குறைக்குப் பரிகாரம் கார்னெகி பதக்கத்தைச் சுற்றியே 1990களில் உருவாயிற்று. 'ஷேடோயிங்' என்று அழைக்கப்படும் இத்திட்டத்தின் அமைப்பு எளிமையானது. வசந்த காலத்தில் நடுவர்கள் இறுதிப் பட்டியலை வெளியிடுவார்கள். ஏறக்குறைய ஆறு முதல் எட்டு நூல்கள் அதில் இருக்கும். ஜூன் மாதம் பதக்கம் அறிவிக்கப்படும். இடையிலுள்ள சில மாதங்களில், தேசமெங்கும் பள்ளிகளிலும் பொது நூல்நிலையங்களிலும் ஆயிரக்கணக்கான குழுக்கள் கூடி, அதே நூல்களை நடுவர்களோடு கூடவே வாசித்து, அதே அளவுகோல்களைக் கொண்டு, அதாவது கதைக்கட்டு எப்படி, பாத்திரங்கள் உயிருள்ளவர்களா, நடை நூலுக்குப் பொருந்துகிறதா என்று ஆராய்ந்து, விவாதித்து, மதிப்புரை எழுதித் தங்களுக்குள் ஒரு தீர்ப்பும் செய்துகொள்வார்கள். பள்ளி நூலகர் ஒவ்வொரு நூலிலும் சில பிரதிகள் வாங்கிப் பகல் உணவு இடைவேளையில் பிள்ளைகளைக் கூட்டுவார். பிரதிகள் கைமாறிக் கைமாறி அட்டை மடங்கி வரும். எல்லா நூலையும் முடித்தவர்கள், இரண்டோடு நின்றவர்கள், ஒன்றையும் முடிக்காமலே வாதத்தில் உரக்கப் பேசுகிறவர்கள் என்று மூன்று சாதியாரும் அங்கே உண்டு. பெரியவர்களின் இலக்கியச் சங்கங்களிலும் இந்த மூன்றாம் சாதியார் ஏராளமாக இருப்பதால், அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

இந்த விவாதங்களை எப்படி நடத்துவது என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல ஆசான் வாய்த்திருந்தார். எய்டன் சேம்பர்ஸ் என்ற அவர் சில வருஷங்கள் துறவு மடத்தில் வாழ்ந்தவர், பள்ளி ஆசிரியர், நாவலாசிரியர். இரண்டாம் உலக யுத்தத்தில் ஹாலந்து தேசத்தில் நடந்த சண்டையைப் பின்னணியாகக்கொண்ட 'போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் நோ மேன்ஸ் லாண்ட்' நாவலுக்காக 1999ஆம் வருஷத்துக் கார்னெகி பதக்கத்தைப் பெற்றவரும் அவரே. 1993இல் வெளிவந்த 'டெல் மீ' என்ற சிறு நூலில், குழந்தையோடு புஸ்தகத்தைப் பற்றி உரையாடுகிற ஆசிரியர் விலக்க வேண்டிய கேள்வி ஒன்றைக் குறிப்பிடுகிறார்: 'ஏன்?' என்பதே அது. ஏன் உனக்குப் பிடித்தது என்று கேட்ட மாத்திரத்தில் குழந்தை, பரீட்சை மண்டபத்தில் நிறுத்தப்பட்டதாக உணர்ந்து வாயை மூடிக்கொள்கிறது. அதற்குப் பதிலாக, பிடித்தது எது, பிடிக்காதது எது, புரியாமல் புதிராக நின்றது எது, திரும்பத் திரும்ப வந்து ஓர் ஒழுங்காக அமைந்தது எது என்று சொல்லச் சொன்னால், காரணங்கள் தாமாகவே வெளிவரும் என்பது அவருடைய அனுபவம். புரியாததைச் சொல்வதற்கு அனுமதி கொடுத்ததை இதில் தலைசிறந்த அம்சமாகக் கருதுகிறேன். நம் வகுப்பறைகளில் புரியவில்லை என்று சொல்லும் பையன் தண்டனைக்கு உரியவன். இங்கே அவனே விவாதத்தைத் தொடங்கி வைக்கிறான்.

இப்படிப் பழகிய பிள்ளைகள் எழுதும் மதிப்புரைகளுக்கென்று ஒரு தனிச் சுபாவம் உண்டு. பெரிய விமர்சகர்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதையெல்லாம் அவர்கள் கூசாமல் சொல்லிவிடுகிறார்கள். முதல் ஐம்பது பக்கம் நகரவில்லை; அட்டைப் படம் ஏமாற்றிவிட்டது; பன்னிரண்டு வயதுப் பையன் இப்படிப் பேச மாட்டான்; முடிவு அவசரமாகத் தைக்கப்பட்டிருக்கிறது; அழவைக்க வேண்டும் என்பதற்காகவே நாயைக் கொன்றிருக்கிறார் என்ற தோரணையில் அமைந்த கண்டனங்கள் அங்கே சகஜம். நட்சத்திரங்களை அள்ளி வீசிப் புகழ்கிற சோம்பேறி மதிப்புரைகளும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் நண்பன் வெறுத்த நூலை விரும்பியவன், தன் விருப்பத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டிய நிர்ப்பந்தத்தில் மறுபடி அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறானே, அந்த இரண்டாவது வாசிப்பைத் தனியே படிக்கும் குழந்தைக்கு யாரும் ஊட்டிவிட முடியாது.

இத்திட்டத்தின் பலம் நன்றாகத் தெரிந்தது, பெரியவர்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்ட சந்தர்ப்பங்களில்தான். ஹெராயினுக்கு அடிமையாகும் இளைஞர்களைப் பற்றிய மெல்வின் பர்ஜெஸின் 'ஜங்க்' 1996ஆம் வருஷத்துப் பதக்கத்தைப் பெற்றபோது ஒரு கூச்சல் எழுந்தது. அதைக் காட்டிலும் பெரிய கூச்சல் 2014இல் எழுந்தது. கெவின் புரூக்ஸின் 'தி பங்கர் டைரி' பதினாறு வயதுப் பையன் ஒருவன் கடத்தப்பட்டு, வேறு ஐவருடன் நிலவறையில் அடைக்கப்பட்டு எழுதும் நாட்குறிப்பு. மீட்சி என்பது கதையில் மருந்துக்கும் இல்லை. அந்தக் காரணத்தால் வருஷக்கணக்காகப் பிரசுரகர்த்தர்கள் தயங்கிய நூல். பரிசு அறிவிக்கப்பட்டதும், நம்பிக்கையின் சுவடே இல்லாத இப்படியொரு கதையைக் குழந்தையின் கையில் கொடுக்கலாமா என்று பத்திரிகைகளில் எதிர்ப்புக் கட்டுரைகள் வந்தன. ஆக்ஷேபித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவர்கள் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த ஜூன் மாதத்துக்குள், எத்தனையோ பள்ளிக் குழுக்கள் பட்டியல் நூல்களோடு அதையும் வாசித்து, வாதாடி, தள்ளியும் கொண்டும் முடித்திருந்தன. அந்த நூல் எனக்கு உகந்ததன்று. இளம் வாசகர் தாங்குவாரா மாட்டாரா என்று வாசிக்காத பெரியவர்கள் ஆரூடம் சொல்வதைவிட, வாசித்த இளைஞர்களின் சாட்சியத்தை விசாரிப்பது நியாயமான வழக்காடு முறை என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

2017இல் எழுந்த விவகாரம் வேறு வகையானது. அவ்வருஷம் இருபது நூல்கள் கொண்ட நெடும்பட்டியலில் வெள்ளையர் அல்லாத எழுத்தாளர் ஒருவர்கூட இடம்பெறவில்லை. பல நிறத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் ஒரு நாட்டில், அந்தப் பிள்ளைகளே கூடி விவாதிக்கும் நூல்களில் இந்த நிலையா என்று கண்டனங்கள் கிளம்பவே, மார்கரெட் கேஸ்லி-ஹேஃபர்ட் என்ற வழக்கறிஞர் தலைமையில் சுதந்திரமான விசாரணை நடைபெற்று, நூல்களை முன்மொழியும் முறையும் நடுவர் பயிற்சியும் மாற்றியமைக்கப்பட்டன. 2019இல் எலிஸபெத் அஸெவேடோ என்ற அமெரிக்கப் பெண்மணி 'தி போயட் எக்ஸ்' என்ற கவிதை நாவலுக்காகப் பதக்கம் பெற்றபோது, எண்பதுக்கு மேற்பட்ட வருஷங்களில் அதைப் பெற்ற முதல் வெள்ளையர் அல்லாத எழுத்தாளர் அவரே என்று எல்லோரும் எழுதினார்கள். எழுத வேண்டியிருந்ததே சற்று வெட்கத்துக்குரிய விஷயம்.

சிறுவர்களின் தீர்ப்பு அதுவரை அவர்களுடைய குழுக்களுக்குள் அடங்கிக் கிடந்தது. இந்தச் சீர்திருத்தங்களின் காலத்தையொட்டி அதற்கும் தனிப் பரிசு உண்டாயிற்று. குழுக்களிலுள்ள பிள்ளைகள் வாக்களிக்க, அவர்கள் தேர்ந்த நூலும் பதக்க நூலோடு ஒரே விழாவில் அறிவிக்கப்படுகிறது. பிற தேசங்களிலும் இத்தகைய இரட்டைச் சபைகள் உண்டு. பிரான்ஸில் 1988 முதல், பெரியவர்களுக்கான கோன்கூர் பரிசின் பட்டியலையே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர் வாசித்துத் தங்கள் கோன்கூரைத் தனியாக வழங்குகிறார்கள். ஜெர்மனியில் இளைஞர் இலக்கியப் பரிசுக்கு 2003 முதல், விமர்சகர் குழுவுக்குப் பக்கத்தில் இளைஞர் குழுவும் தன் தேர்வை அறிவிக்கிறது. எந்த இடத்திலும் சிறுவர் சபை பெரியோர் சபையை நீக்கிவிடவில்லை. அது நீக்கக் கூடாது என்பதும் என் கட்சி. பெரும்பாலோர் விரும்புவதையே தேர்ந்தெடுத்துக்கொண்டு போனால், யாரும் கேள்விப்படாத நல்ல நூலொன்றை மூலையிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைக்கும் காரியத்தை எவர் செய்வார்? அது நூலகரின் தர்மம். அதற்குத்தான் அவர் சம்பளம் வாங்குகிறார்.

2021இல் பதக்கம் ஜேஸன் ரெனால்ட்ஸின் 'லுக் போத் வேஸ்' என்ற நூலுக்குச் சென்றது. பள்ளி விட்டு வீட்டுக்கு நடக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பத்துக் கதைகள். சிறுவர்கள் தேர்ந்ததோ மஞ்ஜீத் மான் எழுதிய 'ரன், ரெபெல்'. தகப்பனாரின் அடக்குமுறைக்கு உட்பட்ட பஞ்சாபிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஓட்டப் பந்தயத்தில் தன் விடுதலையைத் தேடும் கவிதை நாவல் அது. 2023இல் நடுவர்கள் மேனன் ஸ்டெஃபன் ரோஸ் என்ற வேல்ஸ் தேசத்து எழுத்தாளர் தம் வெல்ஷ் மொழி நூலைத் தாமே ஆங்கிலப்படுத்திய 'தி ப்ளூ புக் ஆஃப் நெபோ'வைத் தேர்ந்தெடுத்தார்கள். மொழிபெயர்ப்பு நூலொன்று இந்தப் பதக்கத்தைப் பெற்றது அதுவே முதல் தடவை. சிறுவர்களின் வாக்கு அவ்வருஷம் ரூட்டா ஸெபெட்டிஸின் 'ஐ மஸ்ட் பெட்ரே யூ' என்ற சரித்திர நாவலுக்குப் போயிற்று. 1989இல் ருமேனியாவின் சர்வாதிகாரம் சரிந்த நாட்களில், ரகசியப் போலீஸாருக்கு ஒற்றனாகும்படி நிர்ப்பந்திக்கப்பட்ட பதினேழு வயதுப் பையனின் கதை. என் சொந்த வாக்கை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், 2021இல் பிள்ளைகள் பக்கமும் 2023இல் நூலகர் பக்கமும் நின்றிருப்பேன்.